ஆச்சி நடக்கிற தூரத்தில் தண்ணீர்

தீபாவளி விடுமுறை விட்டதும் தென்மாவட்ட ரயில்கள் மும்பையின் தாதரிலும் குர்லாவிலும் சி.எஸ்.எம்.டி.யிலும் தாத்தாக்களையும் ஆச்சிகளையும் இறக்கிவிடத் தொடங்குகின்றன. தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் பாய் விரிக்க இடம் போதாமல் போகிற நாட்கள் அவை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கான திட்டம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: பெரியவர்களைக் கடலுக்குக் கூட்டிப் போக வேண்டும். எந்தக் கடல் என்று யாரும் கேட்பதில்லை. மரின் டிரைவ், கேட்வே, ஜூஹு, இந்த மூன்றுக்குள் ஒன்று. மூன்றுமே சயானிலிருந்து தொலைவு. மூன்று பக்கம் நீர் சூழ்ந்த நகரத்தில், தண்ணீரைப் பார்க்க ஒரு முழு நாளையும் குடும்பத்தின் பாதிச் சக்தியையும் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம். அது இயல்பல்ல, நகரம் எடுத்த முடிவுகளின் விளைவு. மும்பை தன் நீர்க்கரைகளுக்குச் செலவிடும் பணத்தை இனி புகழ்பெற்ற தண்ணீருக்கு அல்ல, பக்கத்துத் தண்ணீருக்குத் தர வேண்டும். அந்தக் கரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே அளவுகோல் போதும்: முழங்கால் வலியுள்ள எழுபது வயதுப் பெண் ஒருவர் வீட்டிலிருந்து அங்கே போய், உட்கார்ந்து, கழிப்பறைக்குப் போய், திரும்பி வர முடிகிறதா?

சயானுக்குத் தண்ணீர் புதிதல்ல. 'சிவ்' என்ற பழைய பெயருக்கே எல்லை என்று பொருள். பம்பாய்த் தீவு முடிந்து, கழி தொடங்கி, அக்கரையில் சால்செட் தீவு தெரிந்த இடம் இது. அதனால்தான் பதினேழாம் நூற்றாண்டில் குன்றின் மேல் ஆங்கிலேயர் கோட்டை கட்டினார்கள். தாராவிக்குள் இருக்கும் ரீவா கோட்டையும், மக்கள் வாயில் 'காலா கில்லா', நீர்வழியைக் காவல் காக்க எழுந்ததுதான். 1737 என்ற ஆண்டு பொறித்த கல் அதில் உண்டு. இன்று அதைச் சுற்றி வீடுகளும் சாலையும் பஸ் டிப்போவும்தான், காவல் காக்கத் தண்ணீர் இல்லை. 1909-ஆம் ஆண்டு கெசட்டியர் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது, அதாவது மீன்பிடிக்கும் ஊர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்த நம் முன்னோர்கள் குடியேறியது இந்தக் கழியோரச் சதுப்பில்தான். குப்பையும் மண்ணும் கொட்டிக் கழி தூர்ந்தது, நிலம் ஏறியது, தண்ணீர் கண்ணை விட்டு மறைந்தது. மிச்சமிருப்பவை மித்தி ஆறு, மாஹிம் கழிமுகம், பிள்ளையார் கரைக்கும் நாட்களில் மட்டும் நினைவுக்கு வருகிற சயான் தலாவ், செம்பூரில் சராய் தலாவ், மேற்கே மாஹிம் மணல். தாராவியின் மேற்கு விளிம்பிலிருந்து அந்த மணல் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆனால் நடுவே மேற்கு ரயில்வேயின் தண்டவாளங்கள், நடைபாலப் படிக்கட்டு, நெரிசலான சாலை. இரண்டு கிலோமீட்டர் என்பது இளைஞனுக்கு அரைமணி நேர நடை. ஆச்சிக்கு அது வேறு ஊர்.

புகழ்பெற்ற தண்ணீருக்குப் போகும் வழியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். தாத்தா, ஆச்சி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், ஆக ஆறு பேர். ஆட்டோ சயானோடு நின்றுவிடும், அதற்குத் தெற்கே டாக்சிதான். காலி-பீலி என்கிற கருப்பு-மஞ்சள் டாக்சியில் நான்கு பேர், ஆகவே போக இரண்டு வண்டி, வர இரண்டு வண்டி. லோக்கல் ரயில் மலிவு. ஆனால் குடும்பம் வெளியே கிளம்பும் ஞாயிற்றுக்கிழமையன்றுதான் மத்திய ரயில்வேயும் ஹார்பர் லைனும் 'மெகா பிளாக்' வைக்கின்றன. பகல் முழுக்க வண்டிகள் குறையும், கூட்டம் கூடும். பராமரிப்புக்கு ஒரு நாள் வேண்டும்தான். வேலைக்குப் போகிறவர்களின் நாளைக் காப்பாற்றி, பிள்ளைகளும் பெரியவர்களும் கிளம்பும் நாளை அது தின்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சயான் நிலையத்தின் மேலே தாராவிப் பக்கத்தையும் கிழக்கையும் இணைத்த நூறாண்டு கடந்த சாலைப் பாலம் 2024 ஆகஸ்டில் இடிப்பதற்காக மூடப்பட்டதும், ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதே ஒரு பயணமாகிவிட்டது.

இதற்கெல்லாம் மேலே, யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்று இருக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள், வெளியே போகிறோம் என்று தெரிந்தால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். வழியில் கழிப்பறை கிடைக்குமா என்ற பயம். இந்திய முதியோர் குறித்த தேசிய ஆய்வு (2017–18) அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஏதேனும் ஒரு நாள்பட்ட நோயும், 40 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு வகை உடல் இயலாமையும் இருப்பதாகச் சொன்னது. ஆக, கழிப்பறையும் முதுகு சாய்க்க ஓர் இருக்கையும் கேட்பது யாரோ சிலருக்கான சலுகை அல்ல. வந்திறங்குகிற தாத்தா ஆச்சிகளில் பெரும்பாலோருக்கு அதுதான் 'போகலாம்' என்பதற்கும் 'நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்ல இருக்கேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம். அந்தக் கடைசி வாக்கியத்தை நாம் பெருந்தன்மை என்று தவறாகப் படிக்கிறோம்.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. மெட்ரோ மூன்றாம் தடத்தில் தாராவி நிலையம் 2025 மே மாதம் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தடம் கஃப் பரேட் வரை முழுமையானது. தாராவியில் லிஃப்ட்டில் இறங்கி, குளிரூட்டிய வண்டியில் சர்ச்கேட் போய், லிஃப்ட்டில் ஏறினால் மரின் டிரைவ் பக்கம்தான். இது பெரிய காரியம், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன இருக்கிறது? நீளமான ஒரு கட்டை, சாய்வு கிடையாது. காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். மாலை வரை நிழல் இல்லை. கீழே நாற்கால் காங்கிரீட் பாறைகள், அதற்கப்பால் கடல். பார்க்கலாம், தொட முடியாது. அடுத்து கடலோரச் சாலையை எடுத்துக்கொள்வோம். 10.58 கிலோமீட்டர், ஏறத்தாழ 14,000 கோடி ரூபாய், 2024 மார்ச்சில் முதற்பகுதி திறப்பு. அதில் இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் இடமில்லை. கடலோர நடைமேடை 2025 ஆகஸ்டில்தான் மக்களுக்குத் திறந்தது, அதையும் சுரங்க நடைபாதை வழியாகத்தான் அடைய வேண்டும். முதலில் கார், ஒன்றரை ஆண்டு கழித்து நடப்பவர். இந்த வரிசையை எவரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலே நடக்கிறது.

'வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள், கேட்வேயையும் தாஜ் ஹோட்டலையும் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். பக்கத்துக் கழியைக் காட்டினால் ஊருக்குப் போய் என்ன சொல்வார்கள்?' என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு கேட்வே வேண்டும். முதியோருக்கான ரயில் கட்டணச் சலுகை, ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 சதவீதமாக இருந்தது, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு இன்னும் திரும்பவில்லை. முழுக் கட்டணம் கொடுத்து வந்தவர்களுக்கு மும்பையைக் காட்டாமல் அனுப்பக் கூடாது. ஆனால் இந்த மறுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. வந்தவர்கள் இரண்டு மூன்று வாரம் தங்குகிறார்கள். மிச்ச மாலைகளை எங்கே கழிக்கிறார்கள்? பத்துக்குப் பதினைந்து அறையில், தொலைக்காட்சியின் முன்னால், மகனும் மருமகளும் வேலையிலிருந்து வரும்வரை. மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் மரநிழலாவது உண்டு. தாராவியில் இருப்பவர்களுக்கு வாசற்படிதான். கேட்வே ஒரு நாளைத்தான் தீர்க்கிறது, மற்ற இருபது நாட்களுக்கு அதனிடம் பதில் இல்லை.

இங்கே நம் மரபு சொல்வதையும் கேட்க வேண்டும். தாமிரபரணிக் கரை ஊர்களில் தண்ணீர் ஓர் 'இடம்' அல்ல, தெருவின் முடிவு. தெரு இறங்கிப் படித்துறையாகும். துவைப்பதும் குளிப்பதும் கதை பேசுவதும் அங்கேதான். ஆடிப்பெருக்கில் கட்டுச்சோற்றோடு கரைக்குப் போவதும், காணும் பொங்கலன்று பெரியவர்களோடு ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ போவதும் அந்த அன்றாடத்தின் மேல் ஏறிய திருநாட்கள். அன்றாடம் இருந்ததால்தான் திருநாள் களைப்பாக இல்லை. மும்பையில் நாம் அன்றாடத்தைத் தொலைத்துவிட்டுத் திருநாளை மட்டும் வைத்துக்கொண்டோம். அதனால்தான் ஒரு குடும்பம் கடலுக்குப் போவது படையெடுப்பு மாதிரி ஆகிவிட்டது: தண்ணீர் பாட்டில், துண்டு, மாத்திரைப் பை, புளியோதரை டப்பா, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும்போது எல்லோருக்கும் எரிச்சல். படியிறங்கத் தெரிந்த ஆச்சிக்கு, படியே இல்லாத கரை என்ன செய்யும்?

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு நாற்றம். மித்திக் கரையில் உட்காரச் சொல்வது கேலியா என்று கேட்பார்கள். கேட்க வேண்டும். திறந்தவெளியில் குளிக்கத் தகுந்த நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பவாயிலிருந்து தாராவி வரையான மித்தியில் அது 250 என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் பதிவு செய்தது. அந்த அளவில் அதை ஆறு என்பதைவிடச் சாக்கடை என்பதே பொருத்தம். ஆனால் அது ஏன் அப்படியே இருக்கிறது என்ற கேள்வியில்தான் என் வாதம் நிற்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி பொங்கி, நகரம் மூழ்கியது. அதன் பிறகு மித்தியைக் காக்க ஓர் ஆணையம் வந்தது, அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், இரு கரையிலும் சுவர் எழுப்பினார்கள். வெள்ளத்துக்குச் சுவர் தேவையாக இருந்திருக்கலாம். அதே சுவர் ஆற்றைக் கண்ணிலிருந்தும் மறைத்தது. யார் கண்ணிலும் படாத ஆறு யாருடைய ஆறு? அதைத் தூர்வாரியதில் 65 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு நடந்ததாக மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2025 மே மாதம் வழக்குப் பதிந்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் தினமும் மாலை ஐந்து மணிக்கு நூறு கிழவர்கள் வந்து உட்காருகிற கரையில், வாராத சேற்றுக்குக் கணக்கெழுதுவது அவ்வளவு எளிதல்ல. சுத்தமான பிறகு கரையைத் திறப்போம் என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம். கரையைத் திறந்தால்தான் சுத்தமாகும் என்பதே அனுபவத்துக்கு நெருக்கம்.

அனுபவம் பக்கத்திலேயே இருக்கிறது. மித்தி கலப்பது மாஹிம் விரிகுடாவில். அதே விரிகுடாவுக்கு வடமேற்கே சற்றுத் தள்ளி பாந்த்ரா கார்ட்டர் ரோடு. அங்கே குடியிருப்போர் சங்கங்கள் போராடி நடைபாதையும் இருக்கைகளும் வாங்கினார்கள். இறக்கத்தில் சேறும் அலையாத்தியும் மணமும் அங்கேயும் உண்டு. மாலையானால் உட்கார இடம் கிடைப்பதில்லை. தண்ணீர் ஏறக்குறைய ஒன்றேதான், கரையிலுள்ள வீட்டின் சதுர அடி விலைதான் வேறு. அது போதாதென்றால் தாதர் சைத்யபூமிக்குப் பக்கத்தில் மாநகராட்சி 2022-இல் திறந்த பார்வைமேடையைச் சொல்லலாம். மழைநீர் வடிகால் கடலில் விழுகிற வாயின் மேலேயே அது கட்டப்பட்டது. நேற்று வரை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில் இன்று குடும்பங்கள் உட்கார்ந்து சீ லிங்க்கின் விளக்குகளைப் பார்க்கின்றன. இன்னும் நெருங்கிய சான்று தாராவி விளிம்பிலேயே நிற்கிறது: மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. 37 ஏக்கர். ஒரு காலத்தில் நகரத்தின் குப்பைக் கிடங்கு. மண் போட்டு, மரம் வைத்து, 1994-இல் மக்களுக்குத் திறந்தார்கள். குப்பைமேட்டைக் காடாக்கிய நகரம், அதை ஒட்டி ஓடுகிற தண்ணீரின் கரையில் ஐம்பது இருக்கை போட முடியாதென்று சொன்னால் நம்புவது கடினம். (கழிவுநீரில் வளரும் பாசியைத் தின்ன ஆயிரக்கணக்கில் பூநாரைகள் தாணே கழிமுகத்துக்கும் சிவ்ரிக்கும் வருகின்றன. நாம் வெட்கப்பட வேண்டிய தண்ணீரிலும் ஒரு காட்சி இருக்கிறது. செம்பூரிலிருந்து சிவ்ரி ஹார்பர் லைனில் சில நிறுத்தங்கள்தான். ஜெட்டியில் பெரியவர்கள் உட்கார ஒழுங்கான இடம் கேட்பது ஒன்றும் பெரிய கோரிக்கை அல்ல.)

பாதுகாப்பு என்ற பெயரிலும் கரைகள் பூட்டப்படுகின்றன. 2024 ஜூன் 30 அன்று லோனாவ்லா பூஷி அணைப் பக்கம் சுற்றுலா போன ஒரே குடும்பத்தின் ஐந்து பேரை வெள்ளம் அடித்துச் சென்ற காட்சியை யாரும் மறக்கவில்லை. நீரோட்டத்தின் நடுவே அவர்கள் கைகோத்து நின்றதைக் கரையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எட்ட முடியவில்லை. அந்தச் சாவு எனக்குச் சொல்வது எதிர்ப்பாடம். பழக்கமில்லாத தண்ணீரில், எச்சரிக்கப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தில், வந்தது வீணாகக் கூடாது என்ற அவசரத்தில் இறங்குகிறபோது ஆபத்து கூடுகிறது. தினமும் பார்க்கிற கரையின் குணம் அங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஏற்றம் எப்போது, வழுக்கல் எங்கே என்று கோலிவாடாப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள். கூட்டத்தையும் சமாளிக்க முடியும். காணும் பொங்கலன்று சென்னை மெரினாவில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். கடலில் இறங்காதபடி தடுப்புக் கட்டி, குழந்தைகள் கையில் அடையாளப் பட்டை கட்டி, காவல்துறை அந்த நாளை நடத்துகிறது. மாலையில் ஒரு காவலர், ஒரு மிதவை வளையம், ஏற்ற நேரம் எழுதிய பலகை என்று வைத்தால் மாஹிம் கரைக்குப் போதும்.

செலவுக்கும் மெரினாவையே காட்டலாம். 2022 நவம்பரில் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை ஒன்று திறந்தது. 263 மீட்டர் நீளம், 1.14 கோடி ரூபாய். மணலில் சிக்காமல் சக்கர நாற்காலியை அலைக்குப் பக்கம் வரை தள்ளிப் போகலாம். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. 'பார்த்தீர்களா, வீண் செலவு' என்று அப்போது சிலர் சிரித்தார்கள். பழுது பார்த்தார்கள், மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. கடலோரம் கட்டுகிற எதையும் கடல் சோதிக்கும். 14,000 கோடிச் சாலைக்கும் பராமரிப்பு உண்டு, அதை யாரும் வீண் என்பதில்லை. ஒரு பாதைக்கும் சுரங்கச் சாலைக்கும் நடுவே கணக்குப் போடுவது முழு நியாயமில்லைதான், இரண்டும் வேறு வேலை செய்கின்றன. ஆனாலும் சாலைக்கு ஆன தொகையில் நூறில் ஒரு பங்கு 140 கோடி. அதில் மாஹிம், சயான் தலாவ், சராய் தலாவ், சிவ்ரி, மித்திக் கரை எல்லாவற்றுக்கும் சரிவுப் பாதையும் நிழலும் தண்ணீர் வரும் கழிப்பறையும் கட்டி, பராமரிக்கவும் மிஞ்சும். சட்டமும் இதைத்தான் கேட்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது அரசே வகுத்த அளவு. அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் சொல்லிவிட்டது.

இதை இப்போது பேச ஒரு காரணம் உண்டு. அதானி குழுமம் 80 சதவீதமும் மாநில அரசு 20 சதவீதமும் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் தாராவியைத் திரும்பக் கட்டப் போகிறது. யாருக்கு வீடு, எங்கே வீடு, எத்தனை சதுர அடி என்ற சண்டைகள் நடக்கின்றன, நடக்கவும் வேண்டும். அவற்றுக்கு முன்னால் ஆச்சியின் மாலை நடை அற்ப விஷயம் என்று தோன்றலாம். வீடு கையில் வந்த பிறகு அதைப் பேசலாம் என்பார்கள். ஆனால் கரை எங்கே, பாதை எங்கே, சுவர் எங்கே என்பது வரைபடத்தில் முதலில் விழுகிற கோடு. கட்டடம் எழுந்த பிறகு அதை நகர்த்த முடியாது. கழிமுகத்தைப் பார்க்கிற பக்கம் விற்பனைக் கோபுரங்களுக்குப் போய், மறுகுடியேற்றக் கட்டடங்கள் சாலையைப் பார்த்து நின்றால், முந்நூறு ஆண்டுக்கு முன் கோட்டை கட்டிக் காத்த தண்ணீர் மறுபடியும் யாரோ ஒருவரின் பால்கனிக் காட்சியாகிவிடும். அடுத்த முறை குடியிருப்போர் கூட்டத்தில் அந்த வரைபடத்தை விரிக்கும்போது, வீட்டின் சதுர அடியைக் கேட்ட கையோடு இன்னொன்றையும் கேட்டுவிடலாம்: லிஃப்ட் வாசலிலிருந்து மித்திக் கரை வரை எத்தனை படி?